கேம் பெட்டியின் வெள்ளைக் கோடு

என் மாமாவை நான் சந்தேகப்பட்டதற்கு முதல் காரணம் அம்மாதான். வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த கீழ்மாடி வீட்டின் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாளும் ஒரு சங்கிலியும் உண்டு. தபால்காரருக்குக்கூட அம்மா சங்கிலியைக் கழற்றமாட்டார். ஆனால் மாமா சாப்பாட்டு மேசையில் வேலைக்கு உட்கார்ந்தால் மட்டும் கதவு அகலத் திறக்கும், ஜன்னல் சீலையும் ஒதுங்கும். சொந்தத் தம்பியைத் தெருவே பார்க்கும்படி உட்காரவைக்கிறார் என்றால், அவரிடம் ஏதோ கோளாறு இருக்கத்தான் வேண்டும். ஒன்பது வயதில் எனக்கு இது வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

அது சண்டைக்காலம். மாமா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கொழும்பில் ஏன் நிற்கிறாய் என்று பொலிஸ் கேட்டால் சொல்ல ஒரு காரணம் வேண்டும். காரணம் இல்லாத இளந்தாரிகளை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் ஒழுங்கையில் வீடியோ கேம் கடை வைத்திருந்த முதலாளி, பழுதாய்ப்போன ஒரு பழைய கேம் பெட்டியைக் கழற்றி, திரையையும் ஜொய்ஸ்டிக்கையும் வயர்களோடு எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். படத்தை வரவைத்தால் கடையில் வேலை. வேலை கிடைத்தால் காரணமும் கிடைத்துவிடும். பெரியவர்கள் இதையெல்லாம் எனக்கு முன்னாலேயேதான் கதைத்தார்கள். கேம் என்ற சொல்லுக்குப் பிறகு நான் எதையும் கேட்கவில்லை.

திரையில் படம் இல்லை. நடுவில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு மட்டும். முழுப் படமும் அந்தக் கோட்டுக்குள் மடிந்து கிடக்கிறது, அதை மேலும் கீழும் விரிக்க வேண்டும் என்று மாமா விளக்கினார். நான் நம்பவில்லை. வேலை தொடங்குமுன், திரையின் பின்புறம் தங்கியிருக்கும் கரண்டை ஸ்க்ரூட்ரைவரால் இறக்குவார். டப்பென்று ஒரு சத்தம் வரும். அம்மா குசினியிலிருந்து ஓடிவருவார்.

“டேய், சத்தம் வராமச் செய்யேலாதே? பக்கத்து வீட்டுச் சனம் என்ன நினைக்கும்?”

“அதைக் கரண்டுக்குச் சொல்லிப் பாருங்கோ அக்கா.”

அம்மா சிரிக்கவில்லை. அவருக்கும் சந்தேகம்தான் என்று முடிவுகட்டினேன்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசலிலிருந்தே கண்டேன். திரை நிறைய நிறம். ஒரு சிவப்புக் கார் ஓடிக்கொண்டிருந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் பழையபடி கோடு.

“படம் வந்ததுதானே மாமா?”

“வந்தது பிள்ளை, போயிட்டுது. வயரை ஒட்டின சோல்டர் எங்கயோ வெடிச்சிருக்கு. சீப்பால தட்டினா வருது, பிறகு போகுது. சரிவந்தா முதல் கேம் உனக்குத்தான்.”

பச்சைப் பொய். நான் இல்லாத நேரம் தனியாக விளையாடிவிட்டு, என் தலையைக் கண்டதும் நிற்பாட்டுகிறார். அன்றிலிருந்து பூனைபோல வீட்டுக்கு வந்து, முதலில் திரையைத் தொட்டுப் பார்ப்பேன். ஒவ்வொரு நாளும் அது சூடாகவே இருந்தது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பொலிஸ் வந்தது. கதவு திறந்திருந்ததால் தட்டவில்லை. உள்ளே வந்தவர்களின் கண் நேரே மேசைக்குத்தான் போனது. குவிந்து கிடந்த வயர்கள், சோல்டர் புகை, மாமா.

“மே மொக்கத?” இது என்ன என்று அவர்களில் பெரியவர் கேட்டார்.

“கேம் எகக் மஹத்தயா,” கேம் ஒன்று ஐயா என்றார் அம்மா. அம்மாவின் சிங்களம் நல்லது. அன்று குரல்தான் சரியில்லை.

போட்டுக் காட்டச் சொன்னார். மாமா போட்டார். வெள்ளைக் கோடு. பின்னால் நின்றவர் துவக்கைத் தோளிலிருந்து இறக்கினார். மாமா சீப்பை எடுக்கப் போக, தொடாதே என்று ஓர் அதட்டல். தட்டினால் வரும் மஹத்தயா, தட்டினால் கட்டாயம் வரும் என்று அம்மா சிங்களத்தில் கெஞ்சினார். பெரியவர் கொஞ்சம் யோசித்துத் தலையசைத்தார். மாமா தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு பக்கம் தட்டினார். கோடு ஒருமுறை துடித்து, மேலும் கீழும் விரிந்தது. வானம், தெரு, சிவப்புக் கார், கீக்கீயென்று பாட்டு.

பெரியவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஜொய்ஸ்டிக்கைப் பிடித்தார். கார் மதிலில் மோதியது. மறுபடி ஓட்டினார். துவக்குக்காரர் எட்டிப் பார்த்து, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். ஆசை தீர ஓட்டிய பிறகு எந்தக் கடைக்குரியது என்று விசாரித்து, “ஹொந்தய் மல்லி,” நல்லது தம்பி என்று மாமாவின் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள்.

அம்மா நின்ற இடத்திலேயே நிலத்தில் உட்கார்ந்து அழுதார். அழ வேண்டியது நானல்லவா என்று எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

மாமா பிறகு அந்த வெடிப்பைக் கண்டுபிடித்து ஒட்டி, கடையில் வேலைக்கும் சேர்ந்தார். ஆனால் அன்று, அவர்கள் படலையைத் தாண்டியதும், “வா பிள்ளை, இப்ப நீ விளையாடு,” என்று ஜொய்ஸ்டிக்கை என் பக்கம் தள்ளினார். அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது. முதல் கேமை யாரோ ஒரு பொலிஸ்காரருக்குத் தூக்கிக் கொடுத்தவருக்குக் கை நடுங்கத்தான் செய்யும் என்று நினைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.