ரோலண்ட் வீட்டு ஈஸ்ட்

ரோலண்ட் ஹெப்வொர்த்துக்கு அடுத்தவர் குடிப்பதைப் பார்த்தாலே குமட்டும். பப்பில் ஜில்லென்று லாகர் பீர் வாங்குபவனை, சாக்கடைத் தண்ணீர் குடிப்பவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார். டப்பாவில் ரெடியாக வரும் பார்லி மால்ட் பாகைத் தண்ணீரில் கரைத்துவிட்டு "வீட்டிலேயே காய்ச்சினேன்" என்பவர்களோடு அவருக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. யார்க்‌ஷயரில் பஸ் டிப்போ மெக்கானிக்காக முப்பது வருஷம் கிரீஸில் புரண்டவர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் தன் கராஜில் அவர் ராஜா. முளைகட்டிய பார்லியைத் தானே உடைத்து, வெந்நீரில் ஒன்றரை மணி நேரம் ஊறப்போட்டு, தித்திக்கும் சாற்றை வடித்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் விடுவார்.

அந்த ஈஸ்டில்தான் அவருடைய கர்வமெல்லாம். ஏல் என்ற அந்தப் பழைய பாணி பீர் பொங்கும்போது மேலே திரளும் நுரையை வழித்து ஒரு ஜாடியில் வைத்து, அடுத்த முறைக்கு அதையே விடுவார். பதினோரு வருஷமாக ஒரே வம்சம். காய்ச்சுகிறவர்கள் நல்ல ஈஸ்டில் ஒரு ஜாடியைத் தெரிந்தவருக்குக் கொடுத்துவைப்பார்கள். நம்முடையது கெட்டால் அங்கிருந்து வாங்கிக்கொள்ளலாம். ரோலண்டும் ஆரம்பத்திலேயே தன்னைப் போலவே ஏல் காய்ச்சும் எதிர்வீட்டு மேவிஸுக்கு ஒரு ஜாடி கொடுத்தார். கொடுத்ததற்காக அப்புறம் வருத்தப்பட்டார். பல் டாக்டரிடம் வேலை பார்த்த மேவிஸ், கரண்டி முதல் குழாய் வரை எல்லாவற்றையும் கிருமி கொல்லும் மருந்துத் தண்ணீரில் முக்கியெடுப்பாள். "ஆஸ்பத்திரி ஏல்" என்று முகத்தைச் சுளித்தவர், ஒன்பது வருஷமாக அவள் வீட்டில் ஒரு சொட்டு குடித்ததில்லை. தன் ஜாடிக்கு ஒரு அலசலோடு சரி.

மகள் ஜோஸியின் கல்யாணத்துக்கு எழுபத்திரண்டு பைண்ட், அதாவது நாற்பது லிட்டர் ஏலைப் பீப்பாயில் நிரப்பி மூடி வைத்திருந்தார். பத்து நாள் இருக்கும்போது ஜோஸி கராஜுக்கு வந்தாள்.

"அப்பா, கல்யாணத்துக்கு உன் ஏல் வேண்டாம்ப்பா."

"ஏன்? மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு லாகர்தான் இறங்குமாக்கும்?"

"அதில்லப்பா. நாறுது."

"ஊரே நல்லாருக்குன்னு சொல்லுது. உனக்கு மட்டும் நாறுதா?"

"மூஞ்சிக்கு நேரா யாருப்பா சொல்லுவா? கிறிஸ்துமஸுக்கு வந்தவங்க பாதிப் பேரு ஹால்ல இருந்த பூந்தொட்டியிலதான் ஊத்துனாங்க. அந்தச் செடி ஏன் செத்துச்சுன்னு நினைச்ச?"

ரோலண்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு நேரே மேவிஸ் வீட்டுக்குப் போனார். காய்ச்சத் தெரிந்தவள் வாயால் "நல்லாருக்கு" என்று சொல்லவைத்து, மகளின் வாயை அடைப்பதாகத் திட்டம்.

மேவிஸ் பாட்டிலைத் தொடவில்லை. தன் ஏலில் ஒரு கிளாஸ் ஊற்றி நீட்டினாள்.

"முதல்ல இதக் குடி. உன் ஈஸ்ட்தான்."

வேண்டாவெறுப்பாக வாயில் வைத்தார். ரொட்டியின் மொறுமொறு ஓரம் போல ஒரு வாசம், பின்னாலேயே மெல்லிய கசப்பு. அவர் முதல் முதலாகக் காய்ச்சியபோது கிடைத்த அதே ருசி. அந்த நாக்கோடு தன் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். நனைந்த காலுறையும் குழந்தை கக்கிய பாலும் சேர்ந்தாற்போல ஒரு நாற்றம் மூக்கில் ஏறியது. ஓடிப்போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் துப்பினார். வாயைக் கொப்பளித்தும் போகவில்லை. தினமும் இதையே குடித்துக் குடித்து நாக்கு மரத்துப்போயிருந்திருக்கிறது.

"எத்தன நாளா இப்படி?"

"அஞ்சாறு வருஷமிருக்கும்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா கேக்குற ஆளா நீ?"

"ஒரு ஜாடி ஈஸ்ட் குடு. இன்னைக்கே காய்ச்சிடறேன்."

"பத்து நாள்ல ஏல் எங்க தெளியும்? உனக்கே தெரியும்." மேவிஸ் மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "ஜோஸி போன மாசமே வந்து கேட்டுட்டா. அவ கல்யாணப் பீப்பாய் கீழ நிலவறையில இருக்கு."

ரோலண்ட் வீட்டுக்கு வந்து தன் பீப்பாயைச் சாக்கடையில் கவிழ்த்தார். எழுபத்திரண்டு பைண்டும் இறங்கி முடியும்வரை மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். இதையா ஊர் வாயில் ஊற்றினோம் என்று உடம்பே கூசியது.

கல்யாணத்தன்று மேவிஸின் பீப்பாய்க்கு அவரே குழாய் அடித்து, அவரே ஊற்றிக் கொடுத்தார். அவரோடு இருபது வருஷம் டிப்போவில் வேலை பார்த்த வில்ஃப் மூன்று கிளாஸை மடமடவென்று காலிசெய்துவிட்டு முதுகில் தட்டினான். கிறிஸ்துமஸில் "பிரமாதம்" என்று வாய் கூசாமல் சொன்னவனும் இவன்தான்.

"ரோலண்டு, இத்தன வருஷத்துல இன்னைக்குத்தான்யா உன் சரக்கு தொண்டையில இறங்குது."

ரோலண்டுக்கு அவன் சிரிப்பைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. தலையாட்டிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்த தன் புத்தி அதைவிட அருவருப்பாக இருந்தது.

"நான் போட்டதில்ல. மேவிஸ் போட்டது."

"அதானே பாத்தேன்" என்றான் வில்ஃப், நிம்மதியாக அடுத்த கிளாஸை நீட்டியபடி.