நல்ல பெடியன்

போர்க்காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் அறை எடுத்த தமிழ் இளைஞனிடம் வீட்டுக்காரர்கள் பார்த்த குணங்கள் சில: வெளியே சுற்றக் கூடாது, தேடி ஆள் வரக் கூடாது, சத்தம் கூடாது, பொலிசில் பதிந்த விலாசத்தில் எந்நேரமும் இருக்க வேண்டும். நான் அறைக்குள்ளேயே கிடந்த அந்த மூன்று மாதமும் எல்லாவற்றிலும் எனக்கு முழுப் புள்ளி.

நான் பத்திரிகையில் உதவி ஆசிரியர். "செக்பொயின்ற் பிரச்சினை" என்று தொலைபேசியில் சொன்னால் அலுவலகத்தில் மறுகேள்வி கிடையாது. உண்மையில் நான் சோதனைச் சாவடியைக் கண்ணால் கூடப் பார்க்கவில்லை. கட்டிலிலிருந்து கதவு வரை போவதே பெரும் பயணமாக இருந்தது. விடியுமுன் விழிப்பு, சாப்பாட்டுப் பார்சல் பிரிக்காமலே புளிக்கும். சண்டைக்காலம், எல்லாருக்கும் இப்படித்தான் என்று நினைத்தேன்.

வீட்டுக்கார அன்ரி பூரித்துப்போய் எனக்குச் சம்பந்தமே பேசிவிட்டார். பெண் களுபோவில ஆஸ்பத்திரியில் நேர்ஸ். ஒரு ஞாயிறு பின்னேரம் தாயும் மகளும் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தார்கள். தாய் என்னைக் கேட்டதற்கெல்லாம் அன்ரியே பதில் சொன்னார். என் மெலிவு அளவான சாப்பாடாயிற்று, மௌனம் அடக்கமாயிற்று, கண்ணுக்குக் கீழ்க் கருமை படிப்பாயிற்று. எனக்கே அந்த மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது.

மகள் கடித்த பற்றிஸைத் தட்டில் வைத்துவிட்டு நேரே என்னிடம் திரும்பினாள்.

"எவ்வளவு நாளா நித்திரை இல்லை?"

"மூண்டு மாசம்."

"முந்தி விருப்பமாச் செய்தது ஏதாவது இப்ப செய்யிறீங்களா?"

யோசித்தேன். கிரிக்கெட் ஸ்கோர்கூடக் கேட்டிருக்கவில்லை. இல்லை என்றேன்.

"செத்தாப் பரவாயில்லை எண்டு நினைப்பு வந்ததா?"

அன்ரியின் தேநீர்த் தட்டு அந்தரத்தில் நின்றது.

"ஓம்," என்றேன். சொன்னவுடன் சிரிப்பு வந்தது. மூன்று மாதத்தில் முதற்சிரிப்பு. அடக்கப் பார்த்தேன், தோள் குலுங்கியது. தாய் கைப்பையை எடுத்துக்கொண்டார். மகளும் சற்றுச் சிரித்தாள். பிறகு அன்ரியைப் பார்த்தாள்.

"இவருக்கு இப்ப பொம்பிளை வேண்டாம் அன்ரி, டொக்டர்தான் வேணும். இது வருத்தம், மனசுக்கு வாற நோய். மருந்து இருக்கு."

"நல்ல பெடியனல்லோ பிள்ளை."

"நல்ல பெடியனுக்கும் வரும்."

உடனே ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் உண்டா என்று தணிந்த குரலில் என்னிடம் கேட்டாள். இல்லை என்றேன், அது உண்மை. ஆனாலும் விடியும்வரை என்னைத் தனியே விட வேண்டாம் என்று அன்ரியிடம் சொன்னாள். காலை எட்டு மணிக்குத் தன் ஆஸ்பத்திரி கிளினிக் வாசலில் நிற்பதாகவும் சொன்னாள். தாய் அதற்குள் படியிறங்கிவிட்டிருந்தார்.

அன்ரி சொன்னதைச் சொன்னபடி செய்பவர். கதிரையை என் அறைக்குள் போட்டு, கையில் தேவாரப் புத்தகத்துடன் காவல் இருந்து, பத்து மணிக்குள் குறட்டை விட்டுத் தூங்கினார். அந்தச் சத்தத்தில் நான் இன்னொரு முறை சிரித்தேன்.

மாப்பிள்ளையாக வேண்டாம் என்றவளைக் காண அவ்வளவு அவசரப்பட்டவன் கொழும்பிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எட்டு மணிக்கு வரச் சொன்ன இடத்தில், ஏழேகாலுக்கே குளித்து, சவரம் செய்து நின்றேன்.