இஸ்திரிப் பெட்டிக்குத் தப்பிய பெயர்

மகள் கல்யாணமாகி வாலாஜாபாத் போனபோது, சீர்வரிசை கிரைண்டரை எங்கள் பழைய காரின் பின் சீட்டில் ஏற்றிப் போனோம். தோல் சீட்டில் வட்டமாகப் பள்ளம் விழுந்துவிட்டது. சூடு காட்டினால் எழும்பும் என்று யாரோ சொன்னதை நம்பி, இஸ்திரிப் பெட்டியை அழுத்தினேன். பொசுங்கும் வாடை வந்தது.

"இன்னா பண்ணிக்கினு கீறீங்க? எடுங்க!" என்று மனைவி ஓடிவந்து பெட்டியைப் பிடுங்கினாள். நல்லவேளை, ஓரம் மட்டும் கருகியிருந்தது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை வைத்து அவள் நீவ நீவ, பள்ளம் மெல்ல எழும்பியது.

கருகிய இடத்துக்கு ஒரு விரல் தள்ளி, ஐந்தாம் வகுப்பில் மகள் காம்பஸால் கீறிய அவள் பெயர் இருந்தது. அன்று அதற்காக அவளைத் திட்டித் தீர்த்தேன். இப்போது அந்த எழுத்துகளைத் தடவியபடி இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

இப்போதெல்லாம் கனமான சாமான் ஏற்றினால் அடியில் கம்பளி விரிக்கிறேன். கீறலைச் சரிசெய்யவா என்று மெக்கானிக் கேட்டால், வேண்டாம் என்கிறேன்.