ஈஸ்டருக்கு வைத்த சர்க்கரை

சோற்றுக்கு அரிசியைக் கண்ணளவில் அள்ளிப் போடும் பெண்களைப் பார்த்தால் மர்சலின் டீச்சருக்கு வயிறு எரியும். சாந்தோமில் பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பத்து மூன்று வருடம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள். அவள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. அளவுக்கு அடங்காத ஒரே பொருள் கணவர் வில்லியம்தான்.

வில்லியம் தொலைபேசி இலாகாவில் லைன் இன்ஸ்பெக்டர். கோபாலபுரத்திலிருந்து மந்தைவெளி வரை எந்தத் தெருவில் எந்தக் கம்பம் சாய்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதைவிட நன்றாக எந்த முனையில் எந்த டீக்கடை என்று தெரியும். ஒரு நாளைக்கு ஒன்பது டீ, எல்லாம் சர்க்கரை தூக்கல். லைன்மேன்களோடு பழகிப் பழகி அவர் பேச்சும் அவர்கள் பேச்சாகிவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "இன்னா மர்சி, காபி கீதா?" என்று குரல் வரும். அவள் பேச்சைத் திருத்துவாள். சர்க்கரையைத் திருத்த அவளால் முடியவில்லை.

2004-ல் காலில் கம்பி கீறிய புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை முந்நூற்று எண்பது. அன்றைக்குத்தான் மர்சலின் லஸ் முனை மருந்துக் கடையில் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பு மாத்திரையை ஒரு வெள்ளை டப்பாவில் வாங்கினாள். கட்டைவிரலால் அமுக்கினால் டிக்கென்று ஒரு மாத்திரை விழும். ஒரு டம்ளருக்கு இரண்டு, ஒரு நாளைக்கு மூன்று டம்ளர், ஆக ஆறு. கூடவும் குறையவும் வழியில்லை. கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கணவர் ஒரு அளவுக்குள் வந்தார். அந்த டப்பாவின் மேல் அவளுக்குப் பக்தியே வந்துவிட்டது. கைப்பையில் ஒன்று கூடவே போகும். கோயில் பங்கில் யாருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தாலும் வலியப் போய் ஒரு டப்பா கொடுப்பாள். வில்லியமின் தங்கை டெல்பின் ஆதம்பாக்கத்தில் இருக்கிறாள். அவளுக்கும் கொடுத்தாள்.

அந்த வீட்டில் இன்னொரு வழக்கம் உண்டு. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று சர்க்கரை டப்பா பரணுக்கு ஏறும். நாற்பது நாளும் கசப்புக் காபிதான். ஈஸ்டர் காலையில் டப்பா இறங்கும். அந்த முதல் காபியில் வில்லியமுக்கு மூன்று ஸ்பூன் விழும். மாத்திரை வந்த பிறகு சர்க்கரை டப்பா விருந்தாளிகளுக்கு மட்டும் என்றானது. ஆனாலும் வருடா வருடம் பரணுக்கு ஏறி இறங்குவது நிற்கவில்லை. தவக்காலத்தில் மாத்திரை போடலாமா என்று ஒரு சந்தேகம் எழுந்து, வில்லியம் பங்குச் சாமியாரிடமே போய்க் கேட்டார். மனசாட்சியைக் கேட்டுக்கொள்ளச் சொல்லிச் சிரித்தார் சாமியார். வில்லியமின் மனசாட்சி உடனே சரி என்றது. சர்க்கரையை விடுகிறேன் என்றுதானே வேண்டிக்கொண்டோம், மாத்திரையை யார் சேர்த்தார்கள் என்று அடித்துப் பேசினார்.

பத்தொன்பது வருடம் இப்படி ஓடியது. 2023 ஜனவரியில் அவருக்குக் கண் மஞ்சளித்தது. ஸ்கேனில் கல்லீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. அடையாறில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் தாரணி பன்னிரண்டு வருடமாக அவரைப் பார்த்து வந்தவள். பிப்ரவரியில் மர்சலினைத் தனியாக உட்கார வைத்து, இனி அவர் என்ன கேட்டாலும் கொடுங்கள், சர்க்கரையெல்லாம் பார்க்க வேண்டாம் என்றாள். ஒரு டாக்டர் அப்படிச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த அர்த்தம் மர்சலினுக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து வழக்கம்போல இரண்டு மாத்திரையை அமுக்கிப் போட்டாள்.

ஏப்ரல் எட்டாம் தேதி, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, வில்லியம் போய்ச் சேர்ந்தார். ஈஸ்டர் அன்று அடக்கப் பூசை வைக்கும் வழக்கமில்லை. அதனால் ஞாயிறு முழுக்க ஹாலில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். திங்கட்கிழமைதான் குயிபிள் ஐலண்ட் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். சிங்கப்பூரிலிருந்து மகன் நோயல் வந்தான், பத்து நாள் இருந்தான், கூட வந்துவிடுங்கள் என்றான். அவள் போகவில்லை.

ஜூலை நடுவில் ஒரு காலை டெல்பின் கையில் செல்போனோடு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"அண்ணி, நீங்க குடுத்த மாத்திர கேன்சர் வரவைக்குமாம். உலகத்துலயே பெரிய ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. அதுவும் கல்லீரல்லயாம்."

நீங்க குடுத்த என்று சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. முகம் சுருங்கிப்போய் உட்கார்ந்தாள். தன் டப்பாவைக் காலையிலேயே குப்பையில் எறிந்துவிட்டதாக மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

அன்றிலிருந்து மர்சலின் பரீட்சைக்குப் படிப்பவள்போலப் படித்தாள். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய்க் குழு, அந்த இனிப்பு ஒருவேளை புற்றுநோயை உண்டாக்கக்கூடும், ஆதாரம் குறைவுதான் என்று சொல்லியிருந்தது. அதே நாளில் இன்னொரு குழு, இதுவரை சொன்ன அளவை மாற்றத் தேவையில்லை, அதற்குள் இருந்தால் பயமில்லை என்று சொல்லியிருந்தது. ஒருவேளை என்பதை எந்த டம்ளரில் அளப்பது?

பங்கில் ஆளாளுக்கு ஒரு கட்சி. கம்பெனிக்காரன் காசு கொடுத்து மறைத்துவிட்டான் என்றார்கள் சிலர். சர்க்கரை ஆலைக்காரன் கிளப்பிவிட்ட புரளி என்றார்கள் சிலர். மருந்துக் கடை ஷாஹுல் ஹமீது பாய், இத்தனை வருடம் உலகம் பூரா விற்ற சரக்கு, ஒரு நாள் பேப்பரைப் பார்த்துப் பயப்படாதீங்க டீச்சர் என்றார். அப்போதும் அந்த டப்பாக்களைக் கல்லா மேசையிலிருந்து பின் அலமாரிக்கு மாற்றியிருந்தார். பங்குப் பெண்கள் கும்பலாகக் கருப்பட்டிக்குத் தாவினார்கள். கருப்பட்டி சர்க்கரை நோய்க்கு ஒன்றும் செய்யாதாம். அதைக் கேட்டு மர்சலினுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. முன்பென்றால் ஒரு பாடமே எடுத்திருப்பாள். இப்போது எந்த முகத்தோடு எடுப்பது? அவர்களில் பாதிப் பேருக்கு முதல் டப்பாவைக் கொடுத்தவள் அவள்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தாள். தவக்காலத்தையும் சேர்த்து, ஒரு நாள் விடாமல், நாற்பதாயிரத்துச் சொச்சம் மாத்திரை. ஒவ்வொன்றையும் தன் கட்டைவிரலால் அமுக்கியிருக்கிறாள். செப்டம்பரில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், என் கணவருக்குப் பத்தொன்பது வருடம் விஷம் கொடுத்தேன் சாமி என்றாள். வலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு சாமியார் தொண்டையைச் செருமி, என்ன விஷம் என்று கேட்டார். சொன்னாள். அவர் பெருமூச்சு விட்டு, டாக்டரைப் போய்ப் பாரும்மா என்றார்.

அக்டோபரில் ஒரு நோட்டோடு தாரணியிடம் போனாள். கணக்கு முழுவதும் அதில் இருந்தது. தாரணி பொறுமையாகப் படித்தாள்.

"டீச்சர், சாரோட எடைக்கு ஒரு நாளைக்கு நூறு மாத்திரைக்கு மேல போட்டாதான் அவங்க சொல்ற அளவையே தாண்டும். நீங்க போட்டது ஆறு. அவங்க ஒருவேளைன்னு போட்ட பட்டியல்ல கத்தாழச் சாறும்தான் இருக்கு."

சாருக்கு இருபது வருடச் சர்க்கரை, கல்லீரலில் கொழுப்பு வேறு, நோய் வர அதுவே போதும் என்றாள். எதையும் நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது, ஆனால் இந்த மாத்திரையால் என்று தன்னால் சொல்லவே முடியாது என்றாள். பிறகு நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"கடைசியில அவருக்குப் புடிச்சத கொஞ்சம் குடுத்தீங்கல்ல? சக்கர காபி வேணும்னு என்கிட்டகூட ஒரு தடவ கேட்டாரு."

"குடுத்தேன்" என்றாள் மர்சலின்.

பொய் சொல்லும் பிள்ளையை நிற்கிற நிற்பிலேயே கண்டுபிடிப்பவள் அவள். தாரணி கண்டுபிடிக்கவில்லை. நல்லது டீச்சர் என்று எழுந்து கதவு வரை வந்தாள்.

மாத்திரை குற்றவாளி இல்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவளுக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை. இத்தனை மாதமாக அந்த மாத்திரை விஷமாக இருக்க வேண்டும் என்றுதான் அவள் உள்ளூர வேண்டிக்கொண்டிருந்தாள். விஷம் என்றால் தெரியாமல் செய்த பாவம். அதை அழுது தீர்த்துவிடலாம். தெரிந்தே செய்த ஒன்று அதன் அடியில் இருந்தது.

ஏப்ரலில், அவர் போவதற்கு இரண்டு நாள் முன்பு, பெரிய வியாழனன்று மாலை அவள் கோயிலுக்குப் புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். ஹாலில் கட்டிலில் கிடந்த வில்லியம் கூப்பிட்டார்.

"மர்சி, ஒரு காபி. சக்கர போட்டு. இந்த மாத்திர போட்டா குடிச்சப்புறம் நாக்கெல்லாம் கசக்குது."

அவள் காபி கொண்டுவந்தாள். டம்ளரில் விழுந்தது இரண்டு மாத்திரைதான். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பி நீட்டினார். கோபமில்லை. சக்கரதான் கேட்டேன் என்றார்.

"தவக்காலத்துலயாங்க? ஞாயித்துக்கெழம ஈஸ்டர். அன்னிக்கு நானே மூணு ஸ்பூன் போட்டுத் தர்றேன்."

அவர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். சரி டீச்சர் என்று சிரித்தார். நோயாளிகளுக்கு ஒருசந்தி உபவாசம் கிடையாது, திருச்சபையே விலக்குக் கொடுத்திருக்கிறது என்பது மர்சலினுக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டேதான் தவக்காலத்தை இழுத்தாள். சர்க்கரை போட்டுக் கொடுத்துவிட்டால் டாக்டர் சொன்னதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். ஈஸ்டர் என்று தேதி சொன்னால் அந்தத் தேதி வரை அவர் இருந்தாக வேண்டும். படித்தவள் போட்ட கணக்கு இது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பரணிலிருந்து டப்பாவை இறக்கித் துடைத்தாள். மறுநாளுக்காக, கட்டி தட்டியிருந்த சர்க்கரையை ஸ்பூனால் உடைத்துவிட்டாள். ஹாலுக்கு வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். ஈஸ்டர் அன்று துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அக்கம்பக்கத்தார் காபி போட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சர்க்கரை முழுவதும் அதில் செலவாகிவிட்டது.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். காலையிலிருந்து தூறல். குயிபிள் ஐலண்டில் சேற்றை மிதித்துக்கொண்டு ஜனம் நகர்ந்தது. டெல்பின் புல்லைப் பிடுங்கினாள். மர்சலின் சிலுவையைத் துடைத்துச் சாமந்தி மாலை போட்டாள். குடைக்கு அடியில் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, டெல்பினைப் பார்க்காமலே சொன்னாள்.

"உங்கண்ணன் சக்கர போட்டு ஒரு காபி கேட்டாரு, டெல்பின். நா குடுக்கல. ஈஸ்டர் வரட்டும்னு சொல்லிட்டேன்."

இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. சாமியாரிடம்கூட மாத்திரையைத்தான் சொன்னாள். டெல்பின் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அருகில் வந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"தெரியும் அண்ணி. பெரிய வெள்ளி அன்னிக்கு நீங்க சிலுவைப்பாதைக்குப் போயிருந்தீங்க, நாதான் கூட இருந்தேன். அண்ணன் உங்க மேல கோவமே படல. ஞாயித்துக்கெழம மர்சி மூணு ஸ்பூன் போட்டுத் தரேன்னு சொல்லிகீறான்னு சிரிச்சாரு. இன்னும் ரெண்டு நாளுதான்னு வெரல வேற காட்டினாரு. சந்தோஷமாதான் இருந்தாரு அண்ணி."

ஆறுதலுக்காகத்தான் சொன்னாள். நான்கு மாதமாக மாத்திரையை நினைத்து உருகியவளுக்கு இதைச் சொன்னால் மனம் ஆறும் என்று நினைத்தாள். மர்சலின் தலையை ஆட்டினாள்.

"ரெண்டு வெரலா காட்டினாரு?"

"ஆமா அண்ணி. ரெண்டு."

தூறல் வலுத்தது. ஆட்டோ பிடித்து வைக்கிறேன் என்று டெல்பின் வாசல் பக்கம் போனாள். மெழுகுவர்த்தி எரிந்து முடியும் வரை மர்சலின் குடையை அதன் மேலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். முதுகுப் பக்கம் முழுக்க நனைந்தது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குக் கிளம்பும் முன் பரணிலிருந்து டப்பாவை இறக்கியிருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். ஸ்டூல் போட்டு ஏறினால் இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.