தலவாக்கலை ரோட்டில் அம்மா பார்த்த நீர்வீழ்ச்சி

பிள்ளைகளே, இன்றைக்கு வேனில் வாந்தி வராமலிருக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்தீங்களே, அந்த வாசம் என்னை எட்டு வயதுக்குக் கொண்டுபோய்விட்டது.

அது தீபாவளி லீவு. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் சேர்ந்து வேன் பிடித்தோம். என் அம்மாவுக்கு நீர்வீழ்ச்சி பார்க்க வெகுநாள் ஆசை. ஆனால் முழங்கால் வலி. "ஏறி எறங்க முடியாதுங்க, நான் வரல" என்று உட்கார்ந்துவிட்டாங்க.

அப்பா விடவில்லை. "நடக்கவே வேணாம் புள்ள. ரோட்டுல நின்னே பார்க்குற எடமாத்தான் போறோம்."

தலவாக்கலை ரோட்டு வளைவில் வேன் நின்றது. எதிர்மலையில் வெள்ளையாய்த் தண்ணீர் கொட்டியது. அம்மா தேயிலைச் செடியோரம் நின்று கண்ணெடுக்காமல் பார்த்தாங்க. கைகள் மட்டும் தினமும் கொழுந்து பறிக்கும் பழக்கத்தில் தானாகக் கொழுந்து கிள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தன.

"லீவு நாள்லயும் கொழுந்தா? இங்க யாரு நிறுக்கப்போறா?" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தோம். அம்மா வெட்கத்தோடு முந்தானையை உதறினாங்க.

"இவ்வளவு பக்கத்திலயாங்க இருந்துச்சு?" என்று அப்பாவிடம் கேட்டாங்க.

டிரைவர் ஹோர்ன் அடித்தார். அம்மா அசையவில்லை. "அடுத்த எடம் கெடக்கட்டும் தம்பி, அவ பார்க்கட்டும்" என்றார் அப்பா.

இன்றைக்கு நீங்க "போலாம்ப்பா" என்று அவசரப்படுத்தியும் நான் அந்த வளைவிலேயே நின்றது அதனால்தான்.