இரண்டாவது கட்டத்தில் அப்பா பெயர்

ஊர் ஊராக மற்றவர்களை அனுப்பிவிட்டு, தான் மட்டும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதான் டிக்கெட் போடும் தொழில். பாளையங்கோட்டையில் ஒரு ஜூஸ் கடைக்கு மேலே, மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். மாணவர்களுக்கும் இளைஞர்களுக்கும் சலுகைக் கட்டணத்தில் வெளியூர், வெளிநாட்டுப் பயணம் என்று பலகையில் எழுதியிருக்கும். டாக்டருக்குப் படிக்க பிலிப்பைன்ஸ் போகிற பையன்கள், நர்ஸ் வேலைக்குக் குவைத் போகிற பெண்கள், டெல்லிக்கு ரயில் ஏறுகிற கல்லூரிக் கூட்டம் என்று எல்லோரும் அந்தக் குறுகலான படியேறித்தான் உலகத்துக்குள் போகிறார்கள்.

இவர்களுக்கு முதல் இடைஞ்சல் விசாவோ பணமோ என்று நினைப்பீர்கள். இல்லை, இனிஷியல். விமானக் கம்பெனியின் திரையில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. நமக்கோ ஒரு பெயர், அதற்கு முன்னால் ஒரே ஒரு எழுத்து. அந்த எழுத்தை விரித்து, அப்பா பெயரை முழுசாக இரண்டாவது கட்டத்தில் போட வேண்டும். அவர்கள் கணக்கில் அதுதான் குடும்பப் பெயர், கூப்பிடுவதும் அதைச் சொல்லித்தான். இனிஷியல் வைத்துக்கொண்டு விமானம் ஏறியவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இதில் மாட்டியிருப்பீர்கள். ஆறுதலுக்கு எங்கள் அலுவலகத்தில் நடந்த சிலதைச் சொல்கிறேன்.

தூங்கியது யார்?

திசையன்விளையில் முருங்கைக்காய் மொத்த வியாபாரம் செய்கிற பொன்னுத்துரை அண்ணாச்சி, மகனை மருத்துவம் படிக்க அனுப்பினார். பையன் நடுவில் விமானம் மாற வேண்டிய இடத்தில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டான். விமான நிலையத்தில் "மிஸ்டர் பொன்னுத்துரை, மிஸ்டர் பொன்னுத்துரை" என்று ஓயாமல் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் கண்விழித்தபோது விமானம் போய்விட்டது. அடுத்த விமானத்தில் இடம் வாங்கிக் கொடுப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

மறுநாள் அண்ணாச்சி படியேறி வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தூங்குனது அவன், ஏலம் போட்டது எம்பேரையில்லா!"

வேண்டாத பெயர்

இசக்கிராஜா விக்கிரமசிங்கபுரத்துப் பையன். டிப்ளமோ முடித்துவிட்டு மேற்படிப்புக்கு போலந்தில் இடம் வாங்கியிருந்தான். டிக்கெட் எடுக்கத் தனியாக வந்தான். மாணவர் கட்டணத்தில் கூடுதலாக ஒரு பெட்டி கொண்டுபோகலாம் என்று சொன்னால் எல்லாப் பையன்களுக்கும் முகம் மலரும். இவன் நான் திரையில் அடிப்பதையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது கட்டத்தில் சுடலைமுத்து என்று அடித்ததும், "அத எடுத்துருங்கக்கா" என்றான்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். "பாஸ்போர்ட்ல இருக்கதுதாம்ப்பா டிக்கெட்லயும் வரும். இஷ்டத்துக்கு மாத்த இது என்ன பேரு வைக்கிற விசேஷமா?" என்றேன். அவன் விஷயத்தைச் சொன்னான். அப்பா நூல் மில்லில் வேலை பார்ப்பவர். யார் யாரிடமோ கெஞ்சி, மகனுக்கும் அதே மில்லில் வேலை வாங்கியிருக்கிறார். சேர வேண்டிய அன்றைக்கு இவன் போகவில்லை. கூட வேலை பார்ப்பவர்களிடமெல்லாம் மகன் வருகிறான் என்று சொல்லிவிட்டு, சங்கு ஊதுகிற வரைக்கும் அவர் மில் வாசலிலேயே நின்றிருக்கிறார். அன்றிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. விமான டிக்கெட் எடுக்கப் போகிறேன் என்றபோதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

பெயரை எடுக்க முடியாது என்று நான் மறுபடியும் சொன்னேன். அவன் கேட்டான்: "அவரே பேச மாட்டேங்காரு, அவர் பேரு மட்டும் எதுக்குக்கா எங்கூட வரணும்?"

காசிக்கு எவ்வளவு?

அவன் போலந்து போன பிறகு, ஒரு மழை நாளில் சட்டை நனைந்த ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். காசிக்குப் போக எவ்வளவு ஆகும் என்று கேட்டார். சொன்னேன். ராமேஸ்வரத்துக்கு? சொன்னேன். போகிறவர் கேட்கிற கேள்வியாக அது எனக்குப் படவில்லை. பெயரைக் கேட்டேன். "சுடலைமுத்து. விக்கிரமசிங்கபுரம்" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது.

சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நானே எழுந்து போய் போலந்து எங்கே என்று விரலை வைத்துக் காட்டினேன். பக்கத்தில் வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். மகன் வீட்டுக்குப் பேசுகிறான், அம்மாவோடு மட்டும்தான் பேசுகிறான் என்றார். அங்கே அவனை எல்லோரும் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், காலேஜில் வருகைப் பதிவிலும் அதுதான் முன்னால் வரும் என்றேன்.

அவர் நம்பவில்லை. பழைய டிக்கெட்டைத் திரையில் எடுத்துக் காட்டினேன். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தார். சிரிக்கிறாரா, அழப்போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. படியிறங்கும்போது திரும்பி நின்று சொன்னார்: "வீட்டுல எம்பேச்சுக்கு எந்திரிக்க மாட்டான், அங்கன தெனமும் எம்பேருக்கு எந்திரிச்சு நிக்கானா, சரித்தான்."

குவைத்துக்கு ஒரு போன்

எங்கள் மூலமாகக் குவைத் போன மெட்டில்டா, கடற்கரை ஊர்ப் பெண். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒருநாள் அவளுடைய அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். மகளுடைய கைபேசிக்கு அழைப்பே போகவில்லை என்று அம்மா அழுதபடி இருந்தார். அப்பா சூசை மீன்பிடிப் படகுக்காரர். கண் கலங்குவதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று படிக்கட்டுக்குப் போய் நின்றுகொண்டார். நான் ஆஸ்பத்திரி எண்ணைப் பிடித்து அந்த அம்மாவிடம் கொடுத்தேன்.

எடுத்தவர் மலையாளி நர்ஸ். மெட்டில்டா என்று இங்கே யாருமில்லை என்றுவிட்டார். அந்த அம்மாவுக்கு முகமே வெளுத்துவிட்டது. அங்கே வேறு பெயரில்தான் கூப்பிடுவார்கள், இரண்டாவது பெயரைச் சொல்லுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், படிக்கட்டுப் பக்கம் பார்த்தார், முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தப் பெயரைச் சொன்னதே இல்லையாம். நானே சொல்லிவிடலாம் என்று போனுக்குக் கை நீட்டினேன். அதற்குள் அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "சூசை! சூசை வேணும்!" என்று கத்திவிட்டார்.

மறுமுனையில் "சிஸ்டர் சூசையா? இதோ கூப்பிடுகிறேன்" என்றார்கள். கைபேசி தண்ணீரில் விழுந்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தச் சத்தம் கேட்டு இன்னொரு சூசையும் படிக்கட்டிலிருந்து உள்ளே ஓடி வந்திருந்தார். மகளோடு பேசி முடித்த பிறகு பெண்டாட்டியைக் காட்டி என்னிடம் சொன்னார்: "இவ வாயால எம்பேரக் கேக்கதுக்கு மவ குவைத்துக்குப் போவ வேண்டியிருக்கு, பாத்தியளா?"

இன்றைக்கே வரணும்

அலுவலகத்தைத் திறந்து விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். போலந்திலிருந்து இசக்கிராஜா போன் செய்தான். அப்பாவைப் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், ஒரு பக்கம் இழுத்துவிட்டது, இப்போதைக்கு நினைவு இருக்கிறது, மேற்கொண்டு சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் பார்த்து எந்த விமானத்திலும் இடமில்லை. நான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். தோஹாவில் மாறி திருவனந்தபுரம் வருகிற விமானத்தில் ஒரே ஒரு இடம் காலியானது. அதுவும் போய்விடுவதற்குள் சுடலைமுத்து என்று அடித்து முடித்தேன்.

இந்த மாதிரி டிக்கெட் போடுகிற நாட்களில் நான் யாரோடும் பேச மாட்டேன். பேசினால் அழுதுவிடுவேன். அவன்தான் பேசினான். "பெருசா ஒண்ணும் வேண்டாம்க்கா, அவருக்கு நெனவு இருக்கையில 'அப்பா'ன்னு ஒரு வார்த்த கூப்பிட்டுரணும்."

சுடலைமுத்து யாரு?

ஆஸ்பத்திரி எங்கள் அலுவலகத்திலிருந்து பக்கம்தான். இசக்கிராஜாவின் அம்மா தனியாக இருக்கிறார் என்று நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். சுடலைமுத்துவின் வாய் கோணியிருந்தது. கண் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. மகன் திருவனந்தபுரத்தில் இறங்கி நாகர்கோவில் தாண்டிவிட்டான் என்று காதருகே குனிந்து சொன்னேன். கேட்டதா என்று தெரியவில்லை.

பெரியாஸ்பத்திரியில் நோயாளியோடு வந்தவர்களைக் கூப்பிடுவதும் நோயாளி பெயரைச் சொல்லித்தான். உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். அன்றைக்கும் ஒரு நர்சம்மா வார்டு வாசலில் நின்று, மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "சுடலைமுத்து! சுடலைமுத்து யாரு?" என்று குரல் கொடுத்தார். அவன் அம்மா எழுந்திருப்பதற்குள், நடைபாதையில் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடி வந்த ஒருத்தன் கையைத் தூக்கி, "நாந்தாம்மா!" என்றான். இசக்கிராஜாதான். அங்கே போய் அந்தப் பெயருக்குக் கை தூக்கியே பழகிவிட்டான்.

நர்சம்மாவுக்கு எரிச்சல். "படுத்திருக்கவர் பேர்ல்லா சுடலைமுத்து? நீ எதுக்குக் கை தூக்குத?" என்று சத்தம் போட்டார். அவன் கட்டிலைப் பார்த்து, "அப்பா" என்றான். அந்தக் கோணிய வாயிலிருந்து சொற்கள் பைய, ஒவ்வொன்றாக வந்தன. மகனிடம் அல்ல, நர்சம்மாவிடம்தான் சொன்னார்: "ரெண்டு பேரும் நாந்தான், தாயி."

எடுத்த பெயர்

அந்த வாரக் கடைசியில் அவர் இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து, திரும்பிப் போகிற டிக்கெட்டுக்காக இசக்கிராஜா வந்தான். தலை மொட்டை. பாஸ்போர்ட்டில் இருக்கிற படத்துக்கும் இவனுக்கும் சம்பந்தமே இல்லை, விமான நிலையத்தில் கேட்டால் விஷயத்தைச் சொல் என்றேன். தலையை ஆட்டினான்.

முன்பு போலவே நான் அடிப்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் கட்டத்தை முடித்துவிட்டு இரண்டாவதுக்கு வந்தேன். என் கை ஒரு நிமிஷம் தயங்கியதை அவன் கவனித்துவிட்டான். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு சின்னப் பிள்ளையின் பயத்தோடு கேட்டான்: "ரேஷன் கார்டுல அப்பா பேர எடுக்கணும்னுட்டாவ; இதுல எடுக்க மாட்டாவல்லா, அக்கா?"

பெட்டியில் ஒரு கிலோ கூடினாலும் காசு பிடுங்குகிற இந்தத் தொழிலில், இதுவரை யாரும் கட்டணம் போடாமல் ஏற்றிவிடுகிற ஒரே சுமை அந்த இரண்டாவது கட்டத்தில் இருப்பதுதான்.