துளையில்லாத ஆறு சாடிகள்

அறுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆவணி மாதம், யாழ்ப்பாணத்திலிருந்து பரந்தனுக்குக் கிட்டவுள்ள குடியேற்றத் திட்டத்துக்கு வந்தோம். அயலில் ஒருவரையும் தெரியாது. அயலவரோடு பழகிக்கொள்ள, என் மனைவி ஊரிலிருந்து கொண்டுவந்த கற்றாழையின் குட்டிகளைப் பிரித்தாள். நான் பால்மா வந்த தகரப் பேணிகளை அச்சாக வைத்து, வீட்டுத் தரைக்குப் போட்டு மிஞ்சிய சீமெந்தில் ஆறு பூச்சாடிகள் வார்த்தேன். அடியில் துளை விடவில்லை. ஒரு மைல் சுமந்து வந்த தண்ணீரை ஒழுகவிட மனம் வரவில்லை. புரட்டாதி முடிவதற்குள் குட்டிகளை அவற்றில் நட்டு, அயலில் ஆறு வீடுகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

ஐப்பசி மழையில் சாடிகள் நிரம்பி, ஆறு செடிகளும் அழுகின. அந்தக் கிழமைக்குள்ளேயே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. கார்த்திகை பிறந்த அன்று பிள்ளையின் தாய் சாடியைக் கழுவி எடுத்து வந்து மனைவியிடம் நீட்டினார். எங்களுக்குள் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பிடி சீனியாவது போடுவோம். அந்தச் சாடியில் ஒன்றும் இல்லை.

"கோவிக்காதேங்கோ அக்கா, கற்றாழை அழுகினது கூடாத சகுனம். இது எங்கடை வீட்டிலை இருக்க வேண்டாம்."

அவர் போனபின், தண்ணீர் வடியத் துளை விடாதது என் பிழை என்று மனைவியிடம் சொன்னேன்.

"ஓம், ஆறு வீட்டிலையும் போய்ச் சொல்லுங்கோவன். பிள்ளைக்கு ஏன் காய்ச்சல் வந்ததெண்டு கேட்பினம். அதுக்கும் சீமெந்தெண்டு சொல்லுங்கோ."

நான் போகவில்லை. பிள்ளைக்குச் சுகம் வந்தது. எங்கள் வாசற் படலைக்கு மட்டும் எவரும் வரவில்லை. தைப்பொங்கலன்று மனைவி ஆறு வீட்டுக்கும் சேர்த்தே பொங்கினாள். பின்னேரம் அவ்வளவையும் மாட்டுக்கு வைத்தாள்.